பென்சில் பிடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை வெயில் ஏறும்போதே தாமிரபரணிக் கரை ஊர்களில் எல்.கே.ஜி. பேச்சும் தொடங்கிவிடுகிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டை அருகிலேயே இருப்பதால், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கவலை அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை வீட்டுக்கு வீடு உண்டு. அந்தக் கவலையில் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, ஏ, பி, சி, டி எழுத வைத்து, நூறு வரை ஒப்பிக்க வைத்து, அதுதான் தயாரிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் வேண்டியவை நிறைவான தூக்கம், குறையில்லாத கண்ணும் காதும், தன் தேவையை வாய்விட்டுச் சொல்லும் பேச்சு, அம்மாவைப் பிரிந்து சில மணி நேரம் இருக்கும் தெம்பு. இவை அத்தனையும் உடல்நலத்தோடு சேர்ந்தவை. இவை அமைந்த பிள்ளைக்கு எழுத்து தன் காலத்தில் வந்து சேரும்.

மணிக்கட்டு சொல்லும் சேதி

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் இறுகும். மூன்று வயதில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். கடைசி எலும்புக்கு எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். விரல்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தும் தசைகளும் நரம்புகளும் அப்போது பழகிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் நோட்டில் கோட்டுக்குள் எழுதச் சொன்னால் பிள்ளை கை வலிக்கிறது என்று அழுவதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கைக்கு ஏற்ற பயிற்சி வேறு: கடலை உரிப்பது, மாவு பிசைவது, சிரட்டையில் மணல் அள்ளிக் கொட்டுவது, பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுவது. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எண்ணிப் போடும் பிள்ளை விரலையும் வலுவாக்குகிறது, எண்ணையும் பொருளோடு கற்கிறது.

பிந்திவிடும் என்ற பயம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறதே, நம் பிள்ளை பின்தங்கிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் முன்பருவப் பள்ளித் திட்டத்துக்கு விண்ணப்பித்த 2,990 ஏழைக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்கள் முதல் ஆண்டு முடிவில் எழுத்தறிவில் முன்னே இருந்தார்கள். மூன்றாம் வகுப்புக்குள் அந்த முன்னிலை கரைந்துபோனது. ஆறாம் வகுப்பில், சேராத பிள்ளைகளைவிட மதிப்பெண்ணிலும் நடத்தையிலும் பின்தங்கியிருந்தார்கள் என்று 2022-ல் முடிவுகள் வெளியாயின. அப்படியானால் முன்பருவக் கல்வியே வீணா என்றால், இல்லை. 1960-களில் மிச்சிகனில் 123 குழந்தைகளை வைத்து நடந்த பெர்ரி ஆய்வில், பிள்ளைகள் தாங்களே திட்டமிட்டு விளையாடிக் கற்ற பள்ளி நடுத்தர வயது வரை நன்மை தந்தது. இரண்டு ஆய்வுகளின் காலமும் சூழலும் வேறு. நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும், சீக்கிரம் எழுதிய பிள்ளை என்றைக்கும் முன்னே நிற்கும் என்ற நம்பிக்கைக்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

முதலில் ஒரு முழுப் பரிசோதனை

பையும் ஷூவும் வாங்கும் முன் பிள்ளையை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தால் மற்ற கண்ணை வைத்துச் சமாளித்துக்கொள்ளும் பிள்ளை, அதை ஒருபோதும் சொல்லாது. இந்தச் சோம்பல் கண்ணை ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும், தாமதித்தால் கடினம். 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கும் திருநெல்வேலியில் இதற்கு நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தங்கிக் காது மந்தமாகலாம்; வகுப்பில் அது சொன்ன பேச்சு கேளாத பிள்ளை என்று பெயரெடுக்கும். காது கேளாதோருக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி கண்ட பாளையங்கோட்டைச் சீமையில் காதுப் பரிசோதனை விட்டுப்போகக் கூடாது.

அடுத்தது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது இருக்கிறது. சோர்வும் கவனக்குறைவும் இதன் அடையாளங்கள். முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு, கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுக்கலாம். காலையில் பிள்ளைக்குக் காப்பி கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையும், 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்க ஊசியும் தவறக் கூடாது. அங்கன்வாடிப் பிள்ளைகளை அரசு மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்கிறது. அந்த நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள்.

வீட்டில் பழக்க வேண்டியவை

மூன்று, நான்கு வயதில் நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும் மூன்று மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும்போதே படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவந்தால் முதல் வாரக் காலைகள் போர்க்களமாகாது. தன் கையால் சாப்பிடவும், சோப்புப் போட்டுக் கை கழுவவும், ஒண்ணுக்கு வருகிறது என்று டீச்சரிடம் கூச்சமின்றிச் சொல்லவும் பழக்குங்கள். மூன்று வயதில் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 150 மில்லிதான் கொள்ளும். பயந்து அடக்கிக்கொள்ளும் பிள்ளைக்குச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருகின்றன.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் நாள் முழுக்க பீடி சுற்றும் தாய்மாருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இந்தத் தயாரிப்பில் பெரும்பகுதி பேச்சுதான். கை வேலையில் இருக்கும்போதும் வாய் கதை சொல்லலாம், பிள்ளையைப் பதில் சொல்ல வைக்கலாம். புகையிலைத் தூள் பறக்கும் இடத்திலிருந்து பிள்ளையைத் தள்ளி உட்காரவைத்துப் பேசினால் போதும்.

முதல் நாட்களின் அழுகை

அழுது அழுது பழகிவிடும் என்பது பாதி உண்மை. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. கண் அசந்த நேரம் பார்த்து நழுவிவிடும் பெற்றோரின் பிள்ளைக்கு, அடுத்த நாள் பயம் கூடுகிறது. கையசைத்து, எப்போது வருவேன் என்று சொல்லி, சொன்னபடி வந்து நிற்பதுதான் மருந்து. சேட்டை பண்ணினால் டீச்சர்ட்ட சொல்லிருவேன் என்று வீட்டில் மிரட்டிவிட்டு, அந்த டீச்சரிடமே போய் இரு என்றால் பிள்ளை எப்படி இருக்கும்? ஒரு மாதம் கடந்தும் தினமும் வயிற்றுவலி, வாந்தி, தூக்கக்கேடு நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டை காட்டிய வழி

2019 ஜனவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் மகளைப் பாளையங்கோட்டை அங்கன்வாடி ஒன்றில் சேர்த்தார். மகள் தமிழ் நன்றாகப் பேசவும் எல்லாத் தரப்புப் பிள்ளைகளோடு கலந்து பழகவும் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஆட்சியர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது, நமக்கு அப்படியா என்று சிலர் கேட்டார்கள். அவர் அங்கே தேடிய இரண்டுமே காசால் வருபவை இல்லை. பேச்சும் பழக்கமும் ஏழைப் பிள்ளைக்கும் அதே பால்வாடியில் கிடைக்கின்றன. எந்தப் பள்ளியானாலும் சேர்க்கும் முன் அங்கே கேட்க வேண்டியவை இவைதான்: பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஓடி விளையாடுகிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, அழும் பிள்ளையை யார் தூக்கிக்கொள்கிறார்கள்? இதற்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தால், எத்தனை எழுத்து சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்க மறந்துபோனாலும் பரவாயில்லை.