பம்பு செட்டும் பாலிடெக்னிக்கும்

கோடையில் கிணற்று நீர் தாழ்ந்ததும் பம்பு செட்டையும் கீழே இறக்கி வைப்பது உழவர் வழக்கம். பம்பு நீர்மட்டத்திற்குச் சுமார் 25 அடிக்கு மேல் இருப்பின் நீர் எளிதில் ஏறாது. குழாயினுள் நீரை உயர்த்துவது வெளிக்காற்றின் அழுத்தமே; குறையற்ற பம்பாயினும் அவ்வழுத்தம் 34 அடிக்கு மேல் நீரை ஏற்றாது. நீர்மூழ்கி மோட்டாரோ கீழிருந்து தள்ளுவதால் இவ்வரம்பு அதற்கில்லை. இவற்றைக் கணக்கிட்டு இயந்திரம் அமைக்கக் கற்பிப்பதே மெக்கானிகல் என்ஜினீயரிங்.

அதற்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு ஒன்றே வழியென எண்ணி, நன்செயை ஈடு வைத்துப் பணம் கட்டும் பெற்றோரை நாம் காண்கிறோம். அது தேவையற்ற கடன் என்பதே எமது கருத்து. பத்தாம் வகுப்புத் தேறிய ஆணும் பெண்ணும் அரசினர் பாலிடெக்னிக்கில் குறைந்த கட்டணத்தில் மூன்றாண்டு டிப்ளமா பயிலலாம். பின்னர் விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். ஆனால் கணக்கில் தளர்ந்தவர் முதலாண்டிலேயே இடர்ப்படுவர். ஸ்பானர் பிடிக்கும் ஆசை மட்டும் போதாது.

டிப்ளமா பெற்றோர் இரயில்வே ஜூனியர் என்ஜினீயர் தேர்வு எழுதலாம். மோட்டார் வாகன ஆலைகளிலும் கோவைப் பம்புத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்திலேயே பாலிடெக்னிக் சேர்க்கை அறிவிப்பை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிவைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.