எள்ளுத்தாத்தா வரைந்த இல்லாத மலை

மங்கோ பார்க்கின் ஆப்பிரிக்கப் பயண நூல் 1799-ல் வெளிவந்தபோது, அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் ஜேம்ஸ் ரென்னெல். வங்காளத்தின் சர்வேயர் ஜெனரலாக இருந்து, 1779-ல் வங்காள அட்லஸை வெளியிட்ட அதே ரென்னெல்தான். வங்காளத்தை நேரில் அளந்தவர், மேற்கு ஆப்பிரிக்காவை லண்டனில் உட்கார்ந்தபடியே வரைந்தார். பார்க் தொலைவில் கண்டதாகச் சொன்ன மலைகளை இழுத்து நீட்டி, 'காங்' என்று ஒரு நெடிய மலைத்தொடரையே ஓடவிட்டார். அப்படியொரு தொடர் கிடையாது. பிரெஞ்சு அதிகாரி பிங்கர் 1880-களின் இறுதியில் அங்கே போய்ப் பார்த்துச் சொல்லும்வரை அது வரைபடங்களில் உயர்ந்து நின்றது.

அந்த ரென்னெலின் எள்ளுப்பேரன் பிரான்சிஸ் ராட் (1895–1978), 1922-ல் சகாராவுக்குள் போனார். தந்தை ரோமில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். மகன் படித்தது ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரி. அவர் தேடிச் சென்றது இன்றைய நைஜர் நாட்டிலுள்ள ஆயிர் மலைப்பகுதி. அங்கே மலை நிஜமாகவே இருந்தது. ஆட்கள்தான் குறைவு. 1916–17-ல் கவோசென் தலைமையில் துவாரெக் மக்கள் செய்த கிளர்ச்சியை நசுக்கிய பிரெஞ்சுப் படை, ஊர்களைக் காலிசெய்து மக்களைத் தெற்கே விரட்டியிருந்தது.

ராட் அந்தப் பகுதியை நேரில் அளந்தார். பாலைவனத்தில் ஓர் இடத்தை வரைபடத்தில் பொருத்த விண்மீன்கள் வேண்டும், நம்பகமான கடிகாரமும் வேண்டும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆகவே கடிகாரம் 4 விநாடி பிசகினாலே, ஆயிர் போன்ற இடத்தில் ஊர் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். மாதக்கணக்கில் ஒட்டகத்தின் மேல் குலுங்கும் கடிகாரத்தை எவ்வளவு நம்புவது?

ராட் அளந்ததோடு நிற்கவில்லை. துவாரெக் சமூகத்தில் முகத்தை மூடிக்கொள்வது ஆண்கள்; பெண்கள் அல்ல. எந்தக் குலம் எப்போது வந்தது, யாருக்கு யார் உறவு என்று துவாரெக் மக்களிடமே கேட்டு எழுதினார். இடிந்த கல்வீடுகளின் அமைப்பை வைத்துக் குடியேற்றங்களின் வரிசையை ஊகித்தார். 1926-ல் வந்த 'முகத்திரை மக்கள்' என்ற அவருடைய நூல் இந்த உழைப்பின் விளைவு. ஊகங்களில் சில பழசாகிவிட்டன. விசாரித்த விதம் பழசாகவில்லை. 1927-ல் மறுபடியும் ஆயிருக்குப் போனார். 1929-ல் ராயல் புவியியல் கழகம் பதக்கம் தந்தது.

பிறகு வங்கி. பேங்க் ஆஃப் இங்கிலாந்திலிருந்து பாசெலில் புதிதாகத் தொடங்கிய பன்னாட்டுத் தீர்வு வங்கிக்குப் போனவருக்கு, 1931-ல் ஆஸ்திரியாவின் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி சரிந்தபோது வியன்னாவில் வேலை. 1933 முதல் மார்கன் கிரென்ஃபெல்லில் பங்குதாரர்.

1941-ல் தந்தை இறக்க, எள்ளுத்தாத்தாவின் பெயர் கொண்ட ரென்னெல் பிரபுப் பட்டம் அவருக்கு வந்தது. 1943-ல் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியதும் அங்கே ராணுவ நிர்வாகம் அவர் பொறுப்பில். முசோலினியின் ஆட்களை நீக்கி உள்ளூர்க்காரர்களை மேயர்களாக்க வேண்டும். ஆனால் எந்த ஊரில் யார் யார் என்று அதிகாரிகளுக்குத் தெரியாது. விளைவு, சில ஊர்களில் மாஃபியா தலைவர்களே மேயரானார்கள். தன் அதிகாரிகள் இந்தப் பொறியில் விழுந்ததை, அதே ஆண்டு ஆகஸ்ட் மாத அறிக்கையில் ராட் மறைக்காமல் எழுதிவைத்தார்.