கடைமடை வரைபடமும் கேட்டுப் பெறும் உதவியும்

காவிரியின் கடைமடையில், மூன்று பக்கம் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கிழக்கே வங்கக் கடலும் சூழ, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஒரு மாவட்டம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்த இந்நிலத்துக்குத் தனிப் பதிவேடுகளும் தனி அலுவலகங்களும் உள்ளன. கும்பகோணத்தைக் கடந்து வரும் அரசலாறு அங்கு ஓர் அரசின் தரவாகவும், காரைக்காலில் கடல் சேரும்போது மற்றோர் அரசின் தரவாகவும் பதிவாகிறது. ஆகவே இவ்வட்டாரத்தின் வெள்ளத்தையோ வடிகாலையோ வரைபடமாக்க முனைவோர், முதலில் இரு நிர்வாகங்களின் தரவுகளை ஒன்றாகத் தைத்தாக வேண்டும்.

அத்தையல் வேலைக்குரிய கருவியே புவித் தகவல் முறைமை. ஆறு, சாலை, வயல், வீடு ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகக் கணினியில் வைத்து, ஒவ்வோர் உருவத்துடனும் பெயர், பரப்பு போன்ற விவரங்களின் அட்டவணையை இணைத்து, அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஆராய வழிசெய்யும் அமைப்பு அது. இவ்வகையில் பரவலாகப் புழங்கும் கியூஜிஐஎஸ், 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கி, 2009-இல் 1.0 பதிப்பை எட்டிய திறமூல மென்பொருளாகும். அதாவது, அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். உரிமக் கட்டணம் கிடையாது. அதனாலேயே, அழைத்தவுடன் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று இயல்பில் எவரும் கிடையாது. உதவியில் பெரும்பகுதி தன்னார்வலர் தம் நேரத்திலிருந்து ஒதுக்கித் தருவது என்பதால், அதைக் கேட்டுப் பெறும் முறையும் கற்க வேண்டிய ஒரு திறனாகிறது.

இடம் மாறி நிற்கும் ஊர்

உதவி தேடி வருவோரை அதிகம் அலைக்கழிப்பது ஆள்கூற்று முறை, அதாவது உருண்டையான புவியின் ஓரிடத்தை எண்களால் குறிக்கும் ஒழுங்கு. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரு முக்கோண அளவைப் பணியின் வழிவந்த பழைய இந்திய நில வரைபடங்கள், புவியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கைப் பயன்படுத்தின. இன்றைய செயற்கைக்கோள் இடங்காட்டியோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கில் இயங்குகிறது. ஒன்றை மற்றொன்றாக முறைப்படி மாற்றாமல் ஏற்றினால், காரைக்கால் பகுதியில் ஓரிடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் ஊரகக் கரைகள் பலவற்றில் உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டர் என்ற அளவைக் கையாள்வதையும், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்கள் கடலை ஒட்டியே அமைந்திருப்பதையும் சேர்த்து நோக்கினால், இவ்விலகலின் விளைவு விளங்கும்.

இதனுடன் மண்டலச் சிக்கலும் சேர்கிறது. மீட்டரில் அளப்பதற்காக உலகை ஆறு பாகை அகலமுள்ள பட்டைகளாகப் பகுக்கும் யுடிஎம் முறையில் காரைக்கால், புதுச்சேரி, ஏனாம் ஆகிய மூன்றும் 44-ஆம் மண்டலத்திலும், மேற்குக் கரையிலுள்ள மாஹே மட்டும் 43-ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. ஒரே நிர்வாகத்தின் நான்கு மாவட்டங்களும் ஒரே பட்டையில் அடங்குவதில்லை. அடுக்கின்மேல் ஒட்டியிருக்கும் மண்டலச் சீட்டை மட்டும் மாற்றுவது ஒரு செயல்; எண்களையே புதிய மண்டலத்துக்குக் கணக்கிட்டு மாற்றுவது வேறொரு செயல். இரண்டையும் குழப்பிக்கொள்பவரின் வரைபடத்தில் ஊர் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும்.

‘ஊர்’ அடங்கும், ‘கிராமம்’ அடங்காது

தமிழில் பணிபுரிவோருக்கு நேரும் தனி இடர்களும் உண்டு. ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையில், விவர அட்டவணையின் ஒரு நெடுவரிசைக்குப் பத்து பைட்டுக்குள்தான் தலைப்பிட முடியும். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, யுடிஎஃப்-8 முறையில் எழுதப்படும் ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ‘ஊர்’ என்ற தலைப்பு மூன்று குறிகள், ஒன்பது பைட்டுகள் என்பதால் தப்பிவிடுகிறது. ‘கிராமம்’ ஏழு குறிகளும் 21 பைட்டுகளும் கொண்டதால் பாதியில் வெட்டுப்படுகிறது. ‘காரைக்கால்’ என்பதற்கோ 30 பைட்டுகள் வேண்டும். 2014-இல் தரநிலையான ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் இவ்வரம்பு இல்லை. தமிழ் அறியாத ஒரு தன்னார்வலர், வெட்டுப்பட்ட தலைப்பைக் கண்டு எழுத்துருக் கோளாறு என்று தவறாக முடிவுகட்டவும் கூடும்.

கேட்பதில் பாதி விடை

மென்பொருளின் உள்ளமைப்பை அறிந்தால் கேள்வி செல்ல வேண்டிய இடம் புலப்படும். கியூஜிஐஎஸ் தனித்து இயங்குவதில்லை: கோப்புகளைப் படிப்பது ஜிடால் என்ற நிரல்தொகுப்பு, ஆள்கூறுகளை மாற்றுவது ப்ராஜ், உருவங்களின் வெட்டையும் சேர்க்கையையும் கணக்கிடுவது ஜியோஸ். ஊர் விலகி நிற்பது ப்ராஜ் சார்ந்ததாகவும், தலைப்பு வெட்டுப்படுவது கோப்பு வகை சார்ந்ததாகவும் இருக்க, எல்லாவற்றையும் கியூஜிஐஎஸ்ஸின் வழு, அதாவது நிரல்பிழை, என்று பதிவது அடைபட்ட மதகை விட்டுவிட்டு வேறொரு மதகைத் திறக்க முயல்வது போன்றது.

எடுத்துக்காட்டாக, காரைக்காலின் நெரவி கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதியின் எல்லையும் அதை ஒட்டிய தமிழ்நாட்டுக் கிராமத்தின் எல்லையும் தனித்தனியே வரையப்பட்டிருந்தால், இரண்டையும் சேர்க்கையில் நடுவே மெல்லிய இடைவெளிகளும், ஒன்றன்மேல் ஒன்று படிந்த கீற்றுகளும் தோன்றும். இதற்கு உதவி கேட்பவர், ‘எல்லை சரியாக வரவில்லை’ என்று எழுதினால் எவராலும் விடை கூற இயலாது. மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், இரு அடுக்குகளின் ஆள்கூற்று முறை, திரையில் வந்த பிழைச் செய்தி, அதுவரை முயன்றவை ஆகியவற்றுடன், முழுக் கோப்பையும் தராமல் சிக்கல் உள்ள இரண்டே உருவங்களை வெட்டியெடுத்து, பட்டாதாரர் பெயர் போன்ற தனிநபர் விவரங்களை நீக்கி இணைத்தால், விடையளிப்பவர் அதே பிழையைத் தம் கணினியில் நிகழ்த்திப் பார்த்து, இடைவெளி மூடும் கருவிக்கு எத்தனை மீட்டர் வரம்பு தரலாம் என்றுகூடச் சொல்ல முடியும். இவ்வாறு சிக்கலைச் சிறிதாக்கும்போதே காரணம் கேட்பவருக்குத் தெரிந்துவிடுவதும் உண்டு.

குறித்த நாளுக்குள் தீர்வு வேண்டும் அலுவலகங்களுக்குக் கட்டண ஆதரவு தரும் நிறுவனங்கள் உள்ளன. கற்போருக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கியூஜிஐஎஸ் பாடங்கள் கிடைக்கின்றன. ஆயினும் எவரெஸ்ட் கணக்கிலிருந்த காரைக்கால் வரைபடத் தாளை எந்த மாற்றளவு, அதாவது ஒரு கணக்கை மற்றொன்றாக மாற்றும் எண்தொகுதி, சரியாகப் பொருத்தியது என்பது, அதைச் செய்து பார்த்தவர் எழுதி வைத்தால் மட்டுமே பிறருக்குக் கிட்டும். திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும், செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரியும் இருக்கும் மாவட்டத்தில் அதை எழுதக்கூடிய கைகளுக்குக் குறைவில்லை.

காவிரிப் படுகையின் குடிமராமத்து வழக்கில் தத்தம் பங்கு வாய்க்காலை ஊரார் தூர்வாரினர். மேல்மடையில் ஒரு பங்கு தூர்ந்தாலும் முதலில் காய்வது கடைமடை. திறமூல உதவியும் அத்தகைய பங்குகளால் ஓடுவதே. தீர்ந்த சிக்கலின் பதிப்பு எண்ணையும் மாற்றளவையும் வழிமுறையையும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைப்பது, காரைக்காலின் பங்குக்கு உரிய தூர்வாரல்.