ஏட்டிரவலும் இணையப் பகிர்வும்

உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்குப் பலரிடமிருந்து ஏடுகளை இரவலாகப் பெற்று ஒப்புநோக்கினார். இரவல் கொடுத்தார் வீட்டில் அவ்வேடு இராது. மீண்டு வருமோ என்னும் ஐயமே இருக்கும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம் இந்நிலையை மாற்றிற்று. பன்னாட்டுத் தன்னார்வலர் தட்டெழுதிய தமிழ் நூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. கொடுப்பாரிடத்தும் அவை குறைவதில்லை.

இதன் பயன் சென்னையினும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் கல்லூரிகளிலேயே மிகுதி என்பது எம் கருத்து. தோல் தொழிற்சாலைகளில் உழைப்போரின் மக்கள், ஒரு சொல்லின் ஆட்சியைத் தேடுதற்பொருட்டுச் சென்னை நூலகங்களுக்குச் சென்று ஒருநாட் கூலியை இழத்தல் வேண்டா.

ஆயினும் மின்பாடங்களில் தட்டெழுத்துப் பிழைகள் உள. பாட வேறுபாடுகள் பெரும்பாலும் இல. அவற்றையே நம்பி எழுந்த ஆய்வேடுகளைக் கண்டு யாம் வருந்தியதுண்டு. அச்சுப் பதிப்பொடு ஒப்பிட்டுத் திருத்தம் அனுப்பும் ஆசிரியரே முதற்கண் பயனடைவார். அவர் நூலை எழுத்தெண்ணிப் படிக்க நேர்கின்றதன்றோ?

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட முறையொடு வழங்கிய சொற்களைத் தொகுத்துப் பொதுவில் வைத்தல் இவ்வட்டார ஆசிரியர்க்கு எளிது. அச்சொற்களை அறிந்த முதியோர் மாணவர் வீடுகளிலேயே உளர்.