நாட்டுப் பிரிவினையும் வீட்டு வரவு செலவும்

ஓர் ஆட்சியின்கீழ் இணைந்திருந்த இரு நாடுகள் பிரியுங்கால், அப்பிரிவினை சட்டமன்றத்தோடு முடிந்துவிடுவதாகப் பலர் கருதுவர். அஃது அடுப்பங்கரை வரையில் எட்டுவதை எண்ணுவோர் சிலரே. இதனை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புளியந்தோப்பிலிருந்து இருப்புப்பாதையைக் கடந்து வியாசர்பாடிக்குள் நுழைவோமாயின், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழக் காண்போம். கடற்கரை இரயில் நிலையத்தருகே பர்மா பஜாரும், மாலைதோறும் ‘அத்தோ’ என்னும் பர்மியச் சிற்றுண்டி விற்கும் கடைகளும் உள. இம்மக்கள் இங்கு வந்த வரலாறே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தக்க சான்றாகும்.

இன்று மியன்மார் எனப்படும் பர்மா, மூன்று போர்களின் பயனாக ஆங்கிலேயர் வசமாகி, 1886-ஆம் ஆண்டில் முழுமையும் இந்தியாவின் மாகாணமாயிற்று. அதன்பின் இரு கரைக்கும் நாணயம் ஒன்று, அஞ்சல் ஒன்று, அரசும் ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இரங்கூனுக்குச் சென்றவன், தான் அயல்நாடு செல்வதாக எண்ணவில்லை. 1931-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் பர்மாவிலிருந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர். இரங்கூன் நகரத்து மக்களுள் பாதிக்கு மேற்பட்டவர் இந்தியரே.

அக்காலத்துக் குடும்பம் ஒன்றை மனத்தால் கற்பித்துக்கொள்வோம். தந்தை இரங்கூன் அரிசி ஆலையில் கூலி. தாயும் மக்களும் சென்னையில். அவர் மாதந்தோறும் அனுப்பும் பத்து ரூபாய் இங்கும் பத்து ரூபாயே. மகளின் திருமணத்துக்கு வர வேண்டின் கப்பற் கட்டணம் மட்டும் போதும். இக்குடும்பத்தின் செல்வம் அப்பத்து ரூபாய் மட்டும் அன்று. ஒரே நாணயம், தடையற்ற வழி, மலிவான அரிசி, ஈட்டிய பொருளுக்குச் சட்டத்தின் காவல் ஆகிய நான்கும் கணக்கில் எழுதப்படாத செல்வங்களாய் இருந்தன.

1935-ஆம் ஆண்டின் சட்டப்படி, 1937 ஏப்பிரல் 1-ஆம் நாள் பர்மா இந்தியாவினின்றும் பிரிந்தது. அன்று எவ்வீட்டு அடுப்பும் அணைந்துவிடவில்லை. அஞ்சல் தலைகளில் ‘பர்மா’ என்னும் சொல் மேலச்சாயிற்று. பர்மாவுக்கெனத் தனி நோட்டுக்கள் வழங்கலாயின. எனினும் அவற்றை வெளியிட்டது இந்திய ரிசர்வ் வங்கியே. ஆகவே மாறுதல் பெயரளவினதே என்று பலர் ஆறுதல் கொண்டிருத்தல் கூடும். ஆனால், பிணிப்புக்கள் நான்கும் பின்னர் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தன.

முதலாவது, வழி. 1941-இல் இரு அரசுகளும் செய்த குடிவரவு உடன்படிக்கை, அனுமதிச் சீட்டையும் அதற்கான கட்டணத்தையும் புகுத்தியது. நேற்றுவரை உள்நாட்டுப் பயணமாயிருந்தது, அரசின் இசைவை வேண்டும் பயணமாயிற்று.

இரண்டாவது, அரிசி. போருக்கு முன் பர்மா ஆண்டுதோறும் ஏறத்தாழ முப்பது இலட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. அதில் பாதியளவு இந்தியாவுக்கே வந்தது. 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அது நின்றது. இது போரின் விளைவேயன்றிப் பிரிவினையின் விளைவன்று. ஆயினும், 1948 சனவரி 4-ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றபின், அவ்வரிசி அயல் அரசொன்றினிடம் விலை பேசி வாங்கும் பண்டமாயிற்று.

மூன்றாவது, நாணயம். 1947 ஏப்பிரலோடு ரிசர்வ் வங்கியின் பொறுப்பு நீங்கியது. 1952-இல் ரூபாயின் இடத்தில் கியாட் வந்தது. அதன்பின் இரங்கூனில் ஈட்டிய பணம் சென்னையில் எவ்வளவு பெறும் என்பதை, உழைத்தவனின் வியர்வை மட்டுமன்றி, மாற்று விகிதமும் அரசாணையும் சேர்ந்தே வகுத்தன.

நான்காவது, உடைமை. 1962-இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுக்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. பெட்டியிலிருந்த பணம் ஒரே நாளில் தாளாயிற்று. இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். தலைமுறைகளின் சேமிப்பில் அவர்கள் உடன் கொணர முடிந்தது மிகச் சிறிதே.

இதனைக் கொண்டு பர்மியரைப் பழித்தல் நேர்மையன்று. 1930-க்குப்பின் நெல் விலை வீழ்ந்தபோது, கடன்பட்ட பர்மிய உழவரின் வயல்கள் செட்டியார்களின் கைக்கு மாறின. பிரிவினை நிகழ்ந்த காலத்தில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நிலம் அவர்கள் வசமிருந்தது. நமக்குச் செல்வமாயிருந்த இணைப்பு அவ்வுழவனுக்குச் சுமையாய்த் தோன்றியதில் வியப்பென்ன?

அண்மைக் காலத்திலும் இவ்வுண்மை விளங்கியது. 2016 சூன் 23-ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகப் பிரித்தானிய மக்கள் வாக்களித்தனர். ஏறத்தாழ நூறு ரூபாய் பெற்ற பவுன், சில வாரங்களில் தொண்ணூறுக்குக் கீழே இறங்கிற்று. இலண்டனிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கிய தாய்க்கு, அவன் ஊதியம் குறையாமலே வரவு குறைந்தது. விலகல் நடைபெற்றதோ 2020 சனவரி 31-ஆம் நாளில்தான். பர்மாவில் பிரிவினை முந்தியது, இழப்புப் பிந்தியது. இங்கே இழப்பு முந்தியது, பிரிவினை பிந்தியது. எனவே பிரியும் நாளை மட்டும் நோக்கி இலாப நட்டத்தை எடைபோடுதல் தவறு.

நம் மாணவருள்ளும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைக்கும் தந்தையர் அனுப்பும் பணத்தால் பயில்வோர் இருத்தல் கூடும். அவர்கள் அறிய வேண்டியது இது: வருவாய், சேமிப்பு, உடைமை ஆகிய மூன்றும் ஒரே அரசின் ஆணைக்குள் அடங்கியிருக்கும் குடும்பமே, நாடுகளின் உறவு மாறுங்கால் முதலில் தளர்கின்றது. சேமிப்பின் ஒரு பகுதியேனும் திரும்பிவரும் ஊரில் இருத்தல் வேண்டும். வியாசர்பாடி முதியோரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து கேட்பின், இப்பாடத்தை நம்மினும் தெளிவாக அவர்கள் உரைப்பர்.