புவாலான் பேக்கரி

புவாலான் பேக்கரி என்பது பிரான்சின் தலைநகரான பாரிசில் 1932ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு குடும்ப ரொட்டிக்கடை ஆகும். நகரின் 6ஆம் வட்டாரத்தில், சான்-ஜெர்மென்-தே-பிரே பகுதியை ஒட்டிய ஷெர்ஷ்-மிடி தெருவில் 8ஆம் எண் கட்டடத்தில் இதன் முதல் கடை உள்ளது. பியேர் புவாலான் தொடங்கிய இக்கடையை அவருடைய மகன் லியோனெல் விரிவுபடுத்தினார். பின்னர் பேத்தி அப்போலோனியா பொறுப்பேற்றார். தெருவாசிகளுக்கு ரொட்டி சுட்ட ஒரு சிறிய கடை, கைவேலையையும் விறகு அடுப்பையும் கைவிடாமலேயே பல நாடுகளுக்கு ரொட்டி அனுப்பும் நிலைக்கு வளர்ந்தது. கைத்தொழில் ஒன்று தன் தன்மையை இழக்காமல் வளர முடியுமா என்ற கேள்விக்கு எடுத்துக்காட்டாக இது பேசப்படுகிறது.

பின்னணி

பிரெஞ்சு நகரங்களில் ரொட்டிக்கடை என்பது தெருவோடு ஒட்டிய தொழில். மக்கள் அன்றாடம் நடந்து சென்று, அப்போது சுட்ட ரொட்டியை வாங்கி வருவர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாகெத் எனப்படும் நீளமான வெள்ளை ரொட்டி பாரிசில் பரவலானது. சுமார் 250 கிராம் எடையுள்ள இந்த ரொட்டி மெல்லிய மேலோடு கொண்டது, விரைவில் வெந்துவிடும். ஆனால் சில மணி நேரத்திலேயே உலர்ந்து சுவை குறைந்துவிடும். காலையில் வாங்கியது இரவு உணவுக்கு ஆகாது.

இந்தக் குணம் கடையின் எல்லையையும் தீர்மானித்தது. சில மணி நேரமே நன்றாக இருக்கும் பண்டத்தை நடந்து வரக்கூடிய தொலைவில் இருப்பவர்களுக்கு மட்டுமே விற்க முடியும். எனவே தெருவுக்கு ஒரு கடை என்ற அமைப்பு நிலைத்தது.

தோற்றம்

நார்மண்டிப் பகுதியிலிருந்து பாரிசுக்கு வந்த இளம் ரொட்டித் தொழிலாளியான பியேர் புவாலான், 1932இல் ஷெர்ஷ்-மிடி தெருவில் தன் கடையைத் திறந்தார். கடைக்குக் கீழே உள்ள நிலவறையில் விறகு அடுப்பு இருந்தது. நகரம் வெள்ளை ரொட்டிக்கு மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவர் நாட்டுப்புறத்தில் வழங்கிய பெரிய வட்ட ரொட்டியையே சுட்டார். பிரெஞ்சு மொழியில் இதற்கு மீஷ் என்று பெயர்.

அப்போது அந்தப் பகுதியில் வறிய ஓவியர்களும் எழுத்தாளர்களும் வாழ்ந்தனர். காசு இல்லாத ஓவியர்கள் சிலர் ரொட்டிக்கு ஈடாக ஓவியங்களைக் கொடுத்துள்ளனர். ரொட்டியை வரைந்த அத்தகைய படங்கள் கடையின் பின்னறைச் சுவர்களில் மாட்டப்பட்டன.

ரொட்டியும் செய்முறையும்

புவாலான் ரொட்டி சுமார் 1.9 கிலோ எடை கொண்டது. கல் இயந்திரத்தில் அரைத்த கோதுமை மாவு, தண்ணீர், பிரான்சின் மேற்குக் கடற்கரையில் உள்ள கெராந்து உப்பளங்களின் உப்பு, புளித்த மாவு ஆகியவையே இதன் பொருட்கள். கோதுமையோடு ஸ்பெல்ட் எனும் பழைய கோதுமை வகையின் மாவும் சேர்க்கப்படுகிறது. கல்லில் அரைத்த மாவில் தவிட்டின் ஒரு பகுதி தங்கிவிடுவதால் ரொட்டியின் உட்பகுதி பழுப்பு கலந்த நிறத்தில் இருக்கும்.

மாவு புளிக்கும் முறையே இந்த ரொட்டியின் அடிப்படை. கடையில் வாங்கும் ஈஸ்டைக் கொண்டு மாவை விரைவாக உப்பச் செய்யாமல், முந்தைய முறை பிசைந்த மாவில் ஒரு பங்கை எடுத்துவைத்து அடுத்த மாவில் சேர்க்கிறார்கள். இட்லி மாவு கரைக்கும்போது பழைய மாவில் ஒரு கரண்டி சேர்ப்பதைப் போன்றதே இது. எடுத்துவைத்த மாவில் இயற்கையான ஈஸ்டுகளும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. ஈஸ்டுகள் வெளியிடும் கரியமில வாயு மாவை உப்பச் செய்கிறது. பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலம் லேசான புளிப்பைத் தருவதோடு, பூஞ்சை பிடிப்பதையும் ரொட்டி உலர்வதையும் தாமதப்படுத்துகிறது.

பிசைந்த மாவை எடை பார்த்துப் பிரித்து, கையால் உருட்டி, துணி விரித்த பிரம்புக் கூடைகளில் உப்ப வைப்பார்கள். பிறகு கூடையைக் கவிழ்த்து நீண்ட மரத் துடுப்பின் மீது மாவை இறக்கி, மேற்புறத்தைக் கத்தியால் கீறி, அடுப்புக்குள் தள்ளுவார்கள். புவாலான் பெயரின் முதல் எழுத்தைக் குறிக்கும் அந்தக் கீறல், வெந்த ரொட்டியின் மேலோட்டில் அடையாளமாகத் தெரியும். விறகின் தீ அடுப்பின் செங்கற்களைச் சூடாக்குகிறது. செங்கல் சேமித்துவைத்த வெப்பத்தில் ரொட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகிறது. மேலோடு தடித்துக் கருகலுக்கு அருகில் போகும். உள்ளே ஈரப்பதம் தங்கும்.

இவ்வாறு செய்த ரொட்டி ஒரு வாரம் வரை உண்ணத் தக்கதாக இருக்கும். சுட்ட அன்றைவிட அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் அதன் சுவை நன்றாக இருக்கும் என்பாரும் உண்டு. கடையில் முழு ரொட்டியாகவும், அரை, கால் பங்காகவும், துண்டுகளாகவும் இது விற்கப்படுகிறது.

போருக்குப் பிந்தைய காலம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் பிரான்சில் ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை முறை நடைமுறையில் இருந்தது. அது 1949இல்தான் முழுமையாக நீங்கியது. அந்த ஆண்டுகளில் மக்கள் உண்டது கலப்பட மாவில் செய்த கருத்த ரொட்டி. ஆகவே பஞ்சம் தீர்ந்ததும் வெள்ளை ரொட்டிக்கான ஏக்கம் பெருகியது. கருத்த ரொட்டி வறுமையின் நினைவாகவே பார்க்கப்பட்டது.

1950களின் இறுதியிலிருந்து வேகமாகப் பிசையும் இயந்திரங்கள் பரவின. அவற்றில் பிசைந்த மாவு அதிகம் உப்பியது. ரொட்டி மேலும் வெண்மையாக வந்தது. வேலை நேரமும் குறைந்தது. ஆனால் நீண்ட நேரம் புளிப்பதால் வரும் சுவை போயிற்று. பல கடைகள் விறகு அடுப்பைக் கைவிட்டன. பியேர் புவாலான் தன் முறையை மாற்றவில்லை. அந்தக் காலத்தில் அது வணிக அறிவுக்கு எதிரான முடிவாகவே தோன்றியிருக்கும். பின்னாளில் நாட்டுப்புற ரொட்டியைத் தேடி மக்கள் திரும்பியபோது, அதை விடாமல் செய்துவந்த கடையாக இது நின்றது.

லியோனெல் புவாலான்

பியேரின் மகன் லியோனெல் 1945இல் பிறந்தார். 14ஆம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் நிலவறையில் தொழில் பழகத் தொடங்கினார். 1970இல் கடையின் பொறுப்பு அவரிடம் வந்தது.

தம் ரொட்டி கெடாமல் இருக்கும் நாட்களே தம் வணிகத்துக்கான வாய்ப்பு என்பதை லியோனெல் பயன்படுத்திக்கொண்டார். பல நாட்கள் தாங்கும் ரொட்டியைத் தன் கடையில் மட்டும் விற்கவேண்டிய கட்டாயம் இல்லை. பாலாடைக்கட்டிக் கடைகளும் உணவகங்களும் அவரிடம் ரொட்டி வாங்கி விற்றன. ரொட்டித் துண்டின் மேல் பாலாடைக்கட்டி, இறைச்சி போன்றவற்றை வைத்துத் தரும் தார்த்தீன் எனும் பண்டத்துக்கு இந்த ரொட்டியின் அகன்ற துண்டு ஏற்றதாக இருந்தது. உணவகங்களின் உணவுப் பட்டியலில் புவாலான் பெயரே இடம்பெறத் தொடங்கியது.

பழைய முறைகளில் சிறந்தவற்றையும் புதிய முறைகளில் சிறந்தவற்றையும் இணைப்பதை அவர் 'பின்னோக்கிய புதுமை' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். மாவு பிசைவதற்கு இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார். உருட்டுவதையும் சுடுவதையும் மனிதரிடமே விட்டார். ரொட்டியைப் பற்றிய நூல்களைத் திரட்டினார்; 1981இல் ரொட்டி விரும்பிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்றையும் எழுதினார். ஓவியர் சால்வடோர் டாலிக்காக அவர் ரொட்டியாலேயே அறைகலன்கள் செய்து கொடுத்தது கடையின் புகழைக் கூட்டியது.

பியெவ்ர் பட்டறை

தேவை பெருகியபோது ஒற்றை நிலவறை அடுப்பு போதவில்லை. இத்தகைய நிலையில் ரொட்டித் தொழிலில் வழக்கமாக எடுக்கும் முடிவு, ரொட்டிகள் நகரும் பட்டையில் சென்று வெந்து வெளிவரும் நீண்ட மின் அல்லது எரிவாயு அடுப்பை நிறுவுவதாகும். அதற்கேற்ப மாவைப் பிரிப்பதும் உருட்டுவதும் இயந்திரத்துக்குப் போகும். இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, புளிக்கும் நேரமும் குறையும். அப்படிச் செய்திருந்தால் ரொட்டியே வேறாகியிருக்கும்.

லியோனெல் வேறு வழியைத் தேர்ந்தார். பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள பியெவ்ர் என்ற ஊரில் 1980களின் தொடக்கத்தில் வட்ட வடிவப் பட்டறை ஒன்றைக் கட்டினார். வடிவமைப்பில் அவருடைய மனைவி இரேனாவின் பங்கு இருந்தது. அந்த வட்டத்தைச் சுற்றி ஷெர்ஷ்-மிடி தெரு அடுப்பைப் போன்ற 24 விறகு அடுப்புகள் அமைக்கப்பட்டன. நடுவில் விறகுக் குவியல். அங்கிருந்து எல்லா அடுப்புகளுக்கும் விறகு சமதூரத்தில் கிடைக்கும்.

அடுப்பைப் பெரிதாக்காமல் அடுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டியதே இதன் உத்தி. ஒவ்வொரு தொழிலாளியும் தன் அடுப்புக்குப் பொறுப்பு. மாவு பிசைவது முதல் ரொட்டியை வெளியே எடுப்பது வரை அவரே செய்கிறார். தீயின் நிலை, மழைநாளின் ஈரம், மாவின் மென்மை ஆகியவற்றைக் கையாலும் கண்ணாலும் கணித்து முடிவு எடுக்கிறார். இதனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான ரொட்டிகள் வெளிவந்தாலும், ஒவ்வொன்றும் சிறு கடையில் செய்யப்படும் முறையிலேயே உருவாகிறது. வேலைக்கு எடுக்கப்படுபவர்கள் பல மாதங்கள் பழகுநராக இருந்த பிறகே தனி அடுப்பைப் பெறுகின்றனர்.

கிளைகளும் ஏற்றுமதியும்

பாரிசின் 15ஆம் வட்டாரத்தில் கிரெனல் பெருந்தெருவில் இரண்டாவது கடை திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இலண்டனின் எலிசபெத் தெருவில் ஒரு கிளை தொடங்கியது. 1666இல் இலண்டனை அழித்த பெருந்தீ ஒரு ரொட்டிக்கடையில்தான் தொடங்கியது. அத்தகைய நகரின் நடுவில் விறகு அடுப்புடன் ஒரு பேக்கரி திறக்கப்பட்டது கவனம் பெற்றது. விமானக் கூரியர் மூலம் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுக்கும் ரொட்டி அனுப்பப்பட்டது. ஓரிரு நாள் பயணத்தைத் தாங்கும் ரொட்டி என்பதாலேயே இது இயன்றது.

பெரிய ரொட்டியைத் தவிர ரை தானிய ரொட்டி, வாதுமைக்கொட்டை வகையான வால்நட் சேர்த்த ரொட்டி, ஆப்பிள் பண்டம், வெண்ணெய் பிஸ்கட் ஆகியவையும் இங்கு கிடைக்கின்றன. 'தண்டனைகள்' என்று பொருள்படும் பெயர் கொண்ட சிறிய பிஸ்கட்டுகள் கடைக்கு வருவோருக்குச் சுவைக்கவும் கொடுக்கப்படுகின்றன.

2002 விபத்தும் மூன்றாம் தலைமுறையும்

2002 அக்டோபர் 31 அன்று, பிரித்தானி கடற்கரைக்கு அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் லியோனெல் புவாலானும் இரேனாவும் இறந்தனர். அப்போது மூத்த மகள் அப்போலோனியாவுக்கு வயது 18. உடனடியாக அவர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். 2003இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பொருளாதாரம் படித்தார். படித்துக்கொண்டே தொலைபேசி, மின்னஞ்சல் வழியாகவும், விடுமுறையில் பாரிஸ் வந்தும் நிறுவனத்தை நடத்தினார். ரொட்டியின் தரத்தைச் சரிபார்ப்பதற்காக அவருக்குப் பாரிசிலிருந்து ரொட்டி அனுப்பப்பட்டு வந்தது. 2007இல் பட்டம் பெற்றார்.

தலைவர் திடீரென இறந்தபோதும் அடுப்புகள் நிற்கவில்லை. செய்முறை ஒருவரின் இரகசியமாக இல்லாமல், ஒவ்வோர் அடுப்படியிலும் நிற்கும் தொழிலாளியின் கையில் முழுமையாக இருந்தது இதற்கு ஒரு காரணம். 2019இல் கடையின் செய்முறைகளையும் வரலாற்றையும் கூறும் நூல் ஒன்றை அப்போலோனியா வெளியிட்டார்.

விமர்சனங்கள்

இத்தகைய வளர்ச்சிக்கு விலை உண்டு. கைவேலையும் விறகும் நீண்ட நேரமும் தேவைப்படுவதால் புவாலான் ரொட்டி சாதாரண பாகெத்தைவிடப் பலமடங்கு விலை கூடியது. ஒருகாலத்தில் ஏழைகளின் உணவாக இருந்த நாட்டுப்புற ரொட்டி, வசதி படைத்தோரின் விருப்பப் பண்டமாகிவிட்டது என்ற குறை இதனால் எழுகிறது. 24 அடுப்புகள் கொண்ட இடத்தைக் கைத்தொழில் கூடம் என்பதா, ஆலை என்பதா என்ற கேள்வியும் உண்டு. பிரான்சில் 1998இல் வந்த சட்டம், மாவு பிசைவது முதல் சுடுவது வரை விற்பனை இடத்திலேயே செய்யும் கடைகளுக்கு மட்டுமே ரொட்டிக்கடை எனும் பெயர்ப்பலகையை அனுமதிக்கிறது. செய்யும் இடம் எது என்பது அந்நாட்டில் எவ்வளவு முக்கியமான விவாதம் என்பதை இது காட்டுகிறது.

முக்கியத்துவம்

பிரான்சில் தெருமுனை ரொட்டிக்கடைகளின் எண்ணிக்கை 1970களிலிருந்து தொடர்ந்து குறைந்துவருகிறது. பாகெத் செய்யும் கைத்திறன் 2022இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கும் இந்தக் கவலை ஒரு பின்னணி. இச்சூழலில் புவாலான் பேக்கரியின் வரலாறு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, ஒரு கடை எவ்வளவு தூரம் வளரலாம் என்பதை அது செய்யும் பண்டத்தின் குணமே பெரிதும் தீர்மானிக்கிறது. மற்றொன்று, அளவைக் கூட்டும்போது எதை இயந்திரத்திடம் விடலாம், எதை விடக்கூடாது என்ற முடிவே பண்டத்தின் தரத்தைக் காக்கிறது. ஷெர்ஷ்-மிடி தெருவின் நிலவறை அடுப்பில் இன்றும் ரொட்டி சுடப்படுகிறது. அத்தெருவில் வசிப்போர் இன்றும் அங்கு நடந்து சென்று ரொட்டி வாங்குகின்றனர்.