சினங்கொண்ட இளைஞர்களும் ஆங்கில நாடகமும்

1956ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள். இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் திரை விலகியது. அவையோர் கண்டது அழகிய மாளிகை அன்று. கூரைக்குக் கீழே ஒடுங்கிய ஒரு மாடியறை. அங்கே ஒருத்தி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆடவர் இருவர் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள்களில் மூழ்கியிருந்தனர். அதுவரை ஆங்கில மேடையில் பெரும்பாலும் இடம்பெற்றவை செல்வர் இல்லத்து வரவேற்பறைகளே. ஆகவே இஸ்திரிப் பலகை மேடையேறியதே ஒரு புதுமையாயிற்று. அந்நாடகம் 'லுக் பேக் இன் ஆங்கர்'. எழுதியவர் ஜான் ஆஸ்போர்ன். அப்போது அவருக்கு வயது 26.

இந்நாடகத்தில் கொதிக்கும் சினத்திற்குக் காரணம் என்ன? 1945இல் போர் முடிந்ததும் பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1948இல் அனைவருக்கும் இலவச மருத்துவம் கிடைத்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் அரசுப் பள்ளிகளில் உயர்நிலைக் கல்வி கட்டணமின்றிக் கிடைத்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் பல்கலைக்கழகமும் சென்றனர். ஆனால் பட்டம் பெற்று வெளியே வந்தவர்கள் கண்டது என்ன? எந்தப் பள்ளியில் படித்தாய், எவ்வாறு உச்சரிக்கிறாய், உன் தந்தை யார் என்ற பழைய கேள்விகளே வாயிலில் காத்திருந்தன. கல்விக் கதவு திறந்தது. வர்க்கக் கதவு திறக்கவில்லை.

நாடகத் தலைவன் ஜிம்மி போர்ட்டர் இத்தகைய பட்டதாரி. சந்தையில் நண்பன் கிளிஃபுடன் மிட்டாய்க் கடை நடத்துகிறான். மனைவி ஆலிசனோ உயர்குடியில் பிறந்தவள். அவள் தந்தை கர்னல் ரெட்ஃபர்ன் 1914 முதல் 1947 வரை இந்தியாவில் பணியாற்றி, நம் நாடு விடுதலை பெற்ற ஆண்டில் தாயகம் திரும்பியவர். அவர் இழந்ததை எண்ணி வருந்துகிறார். மருமகன் கிடைக்காததை எண்ணிக் கொதிக்கிறான். பேரரசு கலைந்த பின் இருவருக்கும் பிரிட்டன் அந்நிய நாடாகிவிட்டது.

ஜிம்மியின் சினம் நியாயமானது. அது பாயும் இடம் நியாயமானதன்று. சமுதாயத்தின் மீது எழுந்த கோபம் சமுதாயத்தைத் தொடவேயில்லை. அந்தச் சிற்றறைக்குள்ளேயே சுழன்று, கையருகில் நிற்கும் மனைவியைச் சுடுகிறது. கருவுற்ற ஆலிசன் வீட்டை விட்டு நீங்குகிறாள். குழந்தையை இழந்து திரும்புகிறாள். மூன்றாம் அங்கத்தில் அவள் தோழி ஹெலினா அதே பலகையின்முன் நின்று இஸ்திரி போடுகிறாள். ஆள் மாறினாலும் அடிமைத்தனம் மாறவில்லை!

நாடகத்தைப் பலர் குறைகூறினர். ஆனால் திறனாய்வாளர் கென்னத் டைனன் 'அப்சர்வர்' இதழில் இதனை இளைஞரின் குரலென்று போற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு பகுதி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவே, கூட்டம் திரண்டது. 'சினங்கொண்ட இளைஞர்' என்ற பெயரும் நாடெங்கும் பரவியது.

ஆஸ்போர்ன் திறந்த வழியில் வேறு குரல்களும் எழுந்தன. 1958இல் ஷீலா டெலனி என்னும் 19 வயதுப் பெண், சால்ஃபோர்டு நகரத்து எளியோர் வாழ்வை 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' என்ற நாடகமாக்கினார். தையற்காரரின் மகனும் உணவகச் சமையலறையில் உழைத்தவருமான ஆர்னால்டு வெஸ்கர் 1959இல் 'ரூட்ஸ்' என்ற நாடகத்தை அளித்தார். அதில் வரும் பீட்டி, உழவுத் தொழிலாளர் வீட்டுப் பெண். காதலனின் கருத்துகளையே கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்து வந்தவள், அவன் கைவிட்ட கணத்தில் தன் சொந்தச் சொற்களில் பேசத் தொடங்குகிறாள்.

ஜிம்மியையும் பீட்டியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். அவனிடம் பட்டமும் சொல்வன்மையும் உண்டு; எனினும் அவன் சினம் வீட்டைத்தான் எரித்தது. அவளிடம் பட்டமில்லை; எனினும் அவள் சினம் தன்னை உணர்வதில் முடிந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்த நம் போன்றோர்க்கு இவ்விரு நாடகங்களும் ஒரு கேள்வியை விட்டுச் செல்கின்றன: நம் சினம் யாரைச் சுடப் போகிறது? விடை நம் கையில்தான் இருக்கிறது.